லேத் இல்லாமல் வீட்டிலேயே பிஸ்டன் வாஷர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு நிலத்தடித் தொட்டி இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் அதிலிருந்து தண்ணீர் எடுக்க, 63 மி.மீ. பி.வி.சி. பைப்பில் நானே ஒரு கைப்பம்பு செய்தேன். பைப்பும் வால்வும் ஒரே நாளில் முடிந்தன. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் அந்த ஒரு வாஷருக்குத்தான் நான்கு மாதம் ஆனது. அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிள் பம்ப், மருந்து அடிக்கிற பம்ப், பிள்ளைகளின் பள்ளிக் கண்காட்சி மாடல் என்று ஒவ்வொன்றோடும் பலர் வந்து கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறதே, கையால் ஏன் செய்ய வேண்டும்?

கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் போனால் எதை வேண்டுமானாலும் கடைந்து வாங்கலாம், உண்மைதான். ஆனால் லேத்தில் கடைவது பிஸ்டனைத்தான். தண்ணீரையோ காற்றையோ அடைத்து நிறுத்துவது பிஸ்டன் இல்லை, அதில் மாட்டும் கிண்ணம் போன்ற தோல் வாஷரின் (கப் வாஷர்) மெத்தென்ற விளிம்பு, அதாவது உதடு. அந்த உதடு சரியாக இருந்தால் பிஸ்டன் அரை மில்லி, ஏன் ஒரு மில்லி சிறியதாக இருந்தாலும் கவலையில்லை. உதடு சரியில்லை என்றால் கண்ணாடி போலக் கடைந்த பிஸ்டனும் ஒழுகும்.

இது புதிய விஷயமும் இல்லை. 1712இல் இங்கிலாந்தில் நியூகாமென் தன் நீராவி இயந்திரத்தை ஓட்டியபோது பெரிய சிலிண்டரை உள்ளே வட்டமாகக் கடைய யாரிடமும் கருவி கிடையாது. பிஸ்டனைச் சுற்றித் தோல் வைத்து, அதன் தலையில் கொஞ்சம் தண்ணீரை நிற்க விட்டார்கள். தோல் விட்ட இடைவெளியைத் தண்ணீர் அடைத்தது. 1774இல் ஜான் வில்கின்சன் துளை கடையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் ஜேம்ஸ் வாட்டுக்கு நல்ல சிலிண்டர் கிடைத்தது. அதுவரை அறுபது வருடத்துக்கு மேல் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்தது தோலும் தண்ணீரும் சேர்ந்துதான்.

அப்படியானால் எதில்தான் கவனம் வைக்க வேண்டும்?

குழாயில். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. வாஷரை மூன்று முறை மாற்றிச் செய்து பார்த்தவர்கள், குழாயின் உள்பக்கத்தை ஒரு முறைகூட விரல் விட்டுத் தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள். உதடு வளைந்து கொடுக்கும், விரிந்து கொடுக்கும். ஆனால் கீறலைத் தாண்டி அடைக்க அதனால் முடியாது. நீளவாக்கில் ஓடும் ஒரே ஒரு கீறல் போதும், அது வாய்க்கால் மாதிரி தண்ணீரைக் கீழே கொண்டுபோய் விடும்.

கடையில் பைப் வாங்கும்போது வெயிலில் அடுக்கி வைத்ததை எடுக்காதீர்கள். வெயில் பட்ட பி.வி.சி. நீள்வட்டமாக நசுங்கியிருக்கும், வில் போல வளைந்தும் இருக்கும். நிழலில் கிடந்ததாகப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உள்ளே பாருங்கள். கீறல் இருந்தால் தெரியும்.

அப்புறம் உள்ளே தேய்க்க வேண்டும். ஒரு மூங்கில் குச்சியின் நுனியைப் பிளந்து, அதில் உப்புத்தாளைச் செருகிச் சுற்றி, மறுமுனையைக் கை டிரில்லில் பிடித்துக்கொள்ளுங்கள். டிரில் மெதுவாகச் சுழல, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே பள்ளம் விழும். 220ஆம் நம்பரில் தொடங்கி 400, பிறகு 800 வாட்டர் பேப்பர். கடைசி இரண்டையும் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

முடிந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டு, பனியன் வேஸ்ட் துணியைக் கயிற்றில் கட்டிப் பத்து முறையாவது உள்ளே இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். என் முதல் பம்பில் இதை அரைகுறையாக விட்டுவிட்டேன். உப்புத்தாளின் மணல் தோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அந்த வாஷரே அரம் மாதிரி குழாயை அறுத்தது. இரண்டு வாரத்தில் குழாய், வாஷர் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் இல்லாமல் எப்படி அளப்பது?

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: விவசாயப் பைப்பில் 63 மி.மீ. என்று அச்சடித்திருப்பது வெளிவிட்டம். உள்விட்டம் பைப்பின் தடிமனைப் பொறுத்து மாறும். அதிக அழுத்தம் தாங்கும் பைப் என்றால் சுவர் தடியாக இருக்கும், உள்வட்டம் சிறியதாகும். எனவே கடைக்காரர் சொல்வதை வைத்து வாஷர் வெட்டாதீர்கள்.

விறைப்பான காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, குழாய்க்குள் சுருளாக விட்டு, சுவரோடு ஒட்டி விரிய விடுங்கள். ஒரு முனை மறு முனை மேல் ஏறும் இடத்தில் கூரான பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து நீட்டி அளந்து, வந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் உள்விட்டம். எனக்கு 182 மி.மீ. வந்தது, அதாவது 58 மி.மீ. விட்டம். இந்த முறையின் அழகு என்னவென்றால், காகித நீளத்தில் நீங்கள் ஒரு மில்லி தப்பாக அளந்தாலும் விட்டத்தில் 0.3 மில்லிதான் தப்பு வரும். பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

எந்தத் தோல் வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். குரோம் உப்பில் பதனிட்ட தோல் பைக்கும் கையுறைக்கும் நல்லது, ஆனால் ஈரத்தில் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அந்த வடிவத்தில் நிற்காது. காய்ந்ததும் பழையபடி தட்டையாகிவிடும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க வெட்டிய விளிம்பைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும். சாயம் போட்டு மறைத்திருந்தால் ஒரு சின்னத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் அப்பளம் போலச் சுருண்டு கல்லாகிவிடும். குரோம் தோல் பெரிதாக மாறாது.

ஈரோட்டில் தோல் பதனிடும் தொழில் இருப்பதால் அங்கே தோல் கடைகளில் துண்டுத் தோல் கேட்டு வாங்கலாம். அதைவிடப் பக்கத்தில் வேண்டும் என்றால், ஊரில் செருப்புத் தைப்பவரிடம் அடித்தோல் கேளுங்கள். அவர் கையில் தோலைப் பற்றி இருக்கும் அறிவு புத்தகத்தில் கிடைக்காது. எந்தத் துண்டு முதுகுப் பக்கம், எது வயிற்றுப் பக்கம் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். முதுகுப் பக்கத் தோல்தான் வேண்டும். வயிற்றுத் தோல் ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் இழுபடாது, கிண்ணம் கோணலாகும். பழைய இடுப்பு பெல்ட்டை வெட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். இப்போதைய பெல்ட்டுகளில் பல தோல் தூளை ஒட்டிச் செய்தவை, தண்ணீரில் ஊறினால் மாவாகிவிடும்.

தடிமன், தண்ணீர் பம்புக்கு 3 மி.மீ., சைக்கிள் பம்புக்கு ஒன்றரை.

சரி, கப் வாஷரைச் செய்வது எப்படி? அச்சு வேண்டாமா?

அச்சு உங்களிடமே இருக்கிறது. அதே பைப்பில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் வெளி அச்சு. பம்பின் குழாய் எந்த அளவோ அதே அளவில் வாஷர் வரும், வேறு கணக்கே வேண்டாம். நான் நான்கு மாதம் அலைந்து கடைசியில் புரிந்துகொண்டது இதைத்தான்.

உள் அச்சுக்கு ஒரு மரவில்லை. அதன் விட்டம், குழாயின் உள்விட்டத்திலிருந்து தோலின் தடிமனை இரண்டு முறை கழித்தது. என் கணக்கில் 58இலிருந்து 6 போக 52 மி.மீ. வேப்பமரப் பலகையோ பிளைவுட்டோ, காம்பஸில் வட்டம் போட்டு ரம்பத்தில் அறுத்து, நடுவில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டையில் போல்ட் நட்டு மாட்டி, போல்ட்டின் வாலை டிரில்லில் பிடித்துச் சுழல விட்டு, உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி விளிம்பில் காட்டினால் வில்லை அச்சாக வட்டமாகிவிடும். வில்லையின் கீழ் முனையைக் கட்டாயம் உருட்டிவிடுங்கள். கூராக இருந்தால் தோல் அந்த மடிப்பில் அறுந்துவிடும்.

இப்போது தோல். 80 மி.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டி, நடுவில் 8 மி.மீ. ஓட்டை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, அதில் தோலை முக்குங்கள். குமிழி குமிழியாகக் காற்று வரும். குமிழி நின்று இன்னும் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் சரியான பதம். தண்ணீர் சுட்டால் தோல் கெட்டது என்று அர்த்தம், ஏனென்றால் ஈரமாக இருக்கும் பட்டைத் தோல் எழுபது எண்பது டிகிரியிலேயே சுருங்க ஆரம்பித்துவிடும்.

ஓட்டை போட்ட ஒரு பலகையின் மேல் பைப் துண்டை நிறுத்துங்கள். அதன் வாய் மேல் ஈரத்தோல், தோல் மேல் மரவில்லை. மேலிருந்து நீளமான போல்ட்டை விட்டு, பலகைக்கு அடியில் நட்டைப் போடுங்கள். ஸ்பேனரால் நட்டை முடுக்க முடுக்க வில்லை கீழே இறங்கும், தோலையும் கூட்டிக்கொண்டு பைப்புக்குள் போகும். அவசரப்படாமல் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்குங்கள். விளிம்பில் சுருக்கம் விழும். ஈரமாக இருக்கும்போதே கரண்டியின் முதுகால் தேய்த்து அமுக்கினால் சுருக்கம் போய்விடும். தோல் முழுவதும் உள்ளே போன பிறகு அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டு நாள் காய வேண்டும். வீட்டுக்குள் நிழலில் மட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் வாசலில் வைத்தால் மேற்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஈரமாக இருக்கும், உதடு வெடிக்கும்.

காய்ந்ததும் வில்லையை எடுக்காமலே, கூரான கத்தியால் உதட்டை ஒரே உயரத்துக்கு வெட்டுங்கள். 10 மி.மீ. உயரம் போதும். பிறகு உதட்டின் உள்பக்கத்தைச் சாய்வாகச் சீவி விளிம்பை மெல்லியதாக்க வேண்டும். உள்பக்கம்தான் சீவ வேண்டும், வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். சுவரில் உரசுவது வெளிப்பக்கம்.

தோலின் வழவழப்பான முடிப்பக்கம் வெளியே வரவேண்டுமா, உள்ளே வரவேண்டுமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் வழவழப்பை வெளியே வைக்கிறேன், தேய்மானம் சீராக இருக்கிறது. சொரசொரப்பை வெளியே வைத்தால் எண்ணெய் பிடித்து நிற்கும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கிண்ணத்தின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

அழுத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இதுதான் கப் வாஷரின் உயிர். அழுத்தம் கிண்ணத்துக்குள் புகுந்து உதட்டை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. அழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும், அழுத்தம் இல்லாதபோது உதடு தளர்ந்து இலேசாக நகரும். அதனால்தான் வாஷரை இறுக்கமாகச் செய்யக் கூடாது என்கிறேன். இறுக்குகிற வேலையைத் தண்ணீரே செய்துகொள்ளும்.

தூக்கும் பம்பில் பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நிற்கும், எனவே வாய் மேலே பார்க்க வேண்டும். பிஸ்டன் வில்லையில் நான்கைந்து ஓட்டை போட்டு, மேலே டியூப் ரப்பரில் ஒரு மூடி. பிஸ்டன் கீழே போகும்போது தண்ணீர் மூடியைத் திறந்து மேலே வரும், மேலே இழுக்கும்போது மூடி அடைத்துக்கொள்ளும். சைக்கிள் பம்பில் காற்று கீழே அழுந்துகிறது, வாய் கீழே பார்க்கும். பிஸ்டனை மேலே இழுக்கும்போது அதே உதடு தளர்ந்து வெளிக்காற்றை உள்ளே விட்டுவிடும். வாஷரே வால்வாகவும் வேலை செய்கிறது.

தள்ளும்போதும் இழுக்கும்போதும் அடைக்க வேண்டும் என்றால் இரண்டு கிண்ணங்களை முதுகோடு முதுகு வைத்து மாட்டுங்கள்.

எண்ணெயா, மெழுகா, கிரீஸா?

தண்ணீர் பம்புக்குத் தேன்மெழுகு. பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, தண்ணீர்ச் சூட்டில் மெழுகை உருக்குங்கள். 62, 64 டிகிரியில் உருகிவிடும், அதற்கு மேல் சூடு வேண்டாம். மூன்று பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் சேர்த்தால் காய்ந்தபின் வெடிப்பு விடாது. நன்றாகக் காய்ந்த வாஷரை அதில் அமிழ்த்துங்கள். கொஞ்சமேனும் ஈரம் இருந்தால் சூடு பட்டுச் சுருங்கிவிடும். குமிழி நிற்கும்வரை வைத்து எடுத்து, மரவில்லையில் மறுபடி மாட்டி ஆறவிடுங்கள். மெழுகு ஏறிய தோல் தண்ணீரில் அதிகம் ஊதாது. வெறும் தோல் ஊறி உப்பிக் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

குடிக்கிற தண்ணீருக்குள் போகும் வாஷரில் வண்டி ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். மெழுகும் விளக்கெண்ணெயும் மட்டும்.

சைக்கிள் பம்பின் தோலுக்கு விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய்தான் வீட்டில் எப்போதும் இருக்கும், பலர் அதையே விடுகிறார்கள். கோடையில் பிரச்சினையில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பம்ப் இழுக்கவே வராமல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஊர் அடிபம்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித்தான் அடிப்போம். அதற்கும் வாஷருக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். பம்ப் ஓய்ந்து கிடந்தால் தோல் காய்ந்து சுருங்கி, உதட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து விழுந்துவிடும். ஊற்றிய தண்ணீர் அந்தச் சந்தை அடைக்கிறது, தோலையும் ஊற வைக்கிறது. கொஞ்ச நேரம் அடித்தால் தோல் விரிந்து தானே பிடித்துக்கொள்ளும். நியூகாமென் பிஸ்டன் தலையில் நிறுத்திய தண்ணீரும் நம் வாசலில் ஊற்றும் சொம்புத் தண்ணீரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இப்படி மேலே உட்கார்ந்து உறிஞ்சி எடுக்கும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு. வாஷர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் வரை ஏற்றும். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்குக் கணக்கில் பத்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு, நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர். கிணற்றில் தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டால் வாஷரைக் குறை சொல்லாதீர்கள். பிஸ்டனையே தண்ணீருக்குள் இறக்க வேண்டும்.

பஞ்சாயத்து கைப்பம்பில் இப்போது ரப்பர் வாஷர்தானே போடுகிறார்கள்? தோல் பழைய கதை இல்லையா?

நல்ல கேள்வி. அந்த மாற்றத்தில் நம் கொங்குப் பகுதிக்கே பங்கு உண்டு. இந்தியா மார்க் 2 கைப்பம்பின் சிலிண்டர் 63.5 மி.மீ. உள்விட்டம், உள்ளே பித்தளை, பிஸ்டனில் முன்பு தோல் கப் வாஷர். தோல் தேய்ந்தால் குழாய் முழுவதையும் கழற்றித் தூக்கித்தான் மாற்ற முடியும். 1980களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் ஈடுபட்ட கைப்பம்புச் சோதனை கோவை மாவட்டக் கிராமங்களில் நடந்தது. அங்கே நைட்ரைல் ரப்பர் வாஷர்களைப் போட்டுப் பார்த்தார்கள். தோலைவிட வெகுகாலம் உழைத்தன. குழாயைக் கழற்றாமல் பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுக்கும் இந்தியா மார்க் 3 அந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான்.

எனவே உங்கள் பம்ப் அந்த அளவில் இருந்தால் கடையில் நைட்ரைல் வாஷர் வாங்கிப் போடுங்கள், வீட்டில் செய்யாதீர்கள். ஆனால் நைட்ரைலை வார்க்க இரும்பு அச்சும், சூடும், பிரஸ்ஸும் வேண்டும். என் 58 மி.மீ. பைப்புக்கு எந்தக் கடையிலும் வாஷர் இல்லை. கையில் கிடைத்த குழாய்க்கு ஏற்ற வாஷர் வேண்டும் என்றால் அதை வீட்டில் வைத்து உருவாக்கத் தோலைப் போல இடம் கொடுக்கும் பொருள் வேறு இல்லை.

சைக்கிள் டியூப், லாரி டியூப் ரப்பர் போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம். குழாயின் உள்விட்டத்தைவிட ஒன்று முதல் இரண்டு மில்லி பெரிய வட்டமாக வெட்டி, சற்றுச் சிறிய இரண்டு வில்லைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினால் விளிம்பு மடங்கி அடைக்கும். கல்லில்லாத நல்ல தண்ணீரில் சில மாதம் வரும். டியூப் ரப்பருக்கு மண்ணெண்ணெய், வண்டி ஆயில், கிரீஸ் ஆகாது, ஊதிக் கொழகொழவென்று ஆகிவிடும். சோப்புத் தண்ணீரோ விளக்கெண்ணெயோ போதும்.

ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டால் எளிதில்லையா? ஆனால் அது உட்காரும் காடி (சுற்றுப் பள்ளம்) வெட்ட லேத் வேண்டுமே?

வேண்டாம். மூன்று வில்லைகளை அடுக்குங்கள்: பெரியது, சிறியது, பெரியது. நடுவில் தானாகக் காடி வந்துவிடும். டிரில்லில் மாட்டித் தேய்க்கும் அதே முறையில் அளவுக்குக் கொண்டுவரலாம். 3.53 மி.மீ. தடிமனுள்ள ரிங் எடுத்தால், காடியின் அடிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே 3.1 மி.மீ. இடைவெளி வரவேண்டும். அப்போது ரிங் பன்னிரண்டு சதவீதம் அமுங்கும். நகரும் பிஸ்டனுக்கு அதுவே போதும். காடியின் அகலம் ரிங்கின் தடிமனைவிடக் கூட இருக்க வேண்டும், 4.7 மி.மீ. வைக்கலாம். அமுங்கிய ரப்பருக்கு அகலவாக்கில் போக இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறுகி நிற்கும்.

இருந்தாலும் பி.வி.சி. பைப்புக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஓ-ரிங் கால் மில்லி கோணலைக்கூட மன்னிக்காது. பைப் நீள்வட்டமாக இருந்தால் ஒரு பக்கம் கடித்துக்கொள்ளும், மறுபக்கம் ஒழுகும். பித்தளைக் குழாயோ கண்ணாடிச் சிரிஞ்சோ இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

தோலும் ரப்பரும் இல்லை. நூல் சுற்றி அடைக்க முடியுமா?

முடியும். மோட்டார் பம்பின் தண்டைச் சுற்றிக் கிளாண்ட் கயிறு போடுவது எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரியும். அதே வித்தைதான். மூன்று வில்லைக் காடியில், விளக்கெண்ணெயும் கிராஃபைட் பொடியும் தோய்த்த பருத்தி நூலை இறுக்கமாகச் சுற்றி நிரப்புங்கள். பாலியெஸ்டர் கலந்த நூல் எண்ணெய் குடிக்காது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பருத்தி நூல் தேடி அலைய வேண்டியதில்லை. மெதுவாக நகரும் பிஸ்டனுக்கு இது நன்றாகவே நிற்கும், உராய்வு மட்டும் அதிகம்.

வாஷர் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பிஸ்டனைக் குழாயில் விட்டு, கிண்ணத்தின் வாய் பார்க்கும் பக்கத்தை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை அந்தப் பக்கமாக அழுத்துங்கள். காற்று மெத்தைபோல எதிர்த்து, அழுத்துவதை விட்டதும் பிஸ்டன் பின்னால் வரவேண்டும். பிறகு குழாயை நிறுத்தி, பிஸ்டன் மேல் ஒரு சாண் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பரவாயில்லை, தோல் ஊறியதும் நின்றுவிடும். ஓடினால் குழாயில் கீறல் தேடுங்கள்.

பிஸ்டனைக் குழாய்க்குள் விடும் முன், குழாயின் வாயை உள்பக்கம் சாய்வாகச் சீவ மறக்காதீர்கள். இரண்டு நாள் உழைத்துச் செய்த உதட்டை அந்தக் கூர் விளிம்பு ஒரு நொடியில் அறுத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. ஏன்?

கைப்பிடித் தண்டு சாய்வாக இழுக்கிறது. வாஷரை மாற்றினாலும் அதே பக்கம்தான் தேயும். குழாயின் மேல் மூடியில் தண்டுக்கு ஒரு வழிகாட்டித் துளை வையுங்கள். உதடு உள்பக்கமாக மடங்கிப் புரண்டால், உதடு உயரம் அதிகம் அல்லது கிண்ணத்துக்கு அடியில் தாங்கும் வில்லை மிகச் சிறியது. அந்த வில்லை குழாயைவிட ஒரு மில்லிதான் சிறியதாக இருக்க வேண்டும்.

பெரிய குழாய் எடுத்தால் தண்ணீர் அதிகம் வருமே, 110 மி.மீ. பைப்பில் செய்யலாமா?

வரும், ஆனால் கையால் தூக்க வேண்டும். 58 மி.மீ. உள்விட்டம் என்றால் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். ஒரு அடி இழுத்தால் முக்கால் லிட்டருக்கு மேல் வருகிறது. பத்து மீட்டர் தண்ணீரைத் தூக்க 26 கிலோ பாரம், உராய்வு தனி. 110 மி.மீ. பைப்பில் அதே ஆழத்துக்கு எண்பது கிலோவைத் தாண்டிவிடும். ஆழம் கூடினால் குழாயைச் சிறியதாக்குங்கள். 40 மி.மீ. பைப்பில் பத்துக் கிலோ பாரம்தான்.

இதே பைப்பில் காற்றை அடைத்து வைக்கலாமா? கம்ப்ரஸர் மாதிரி?

வேண்டவே வேண்டாம். இதைக் கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தண்ணீர் அழுத்தத்தில் பி.வி.சி. வெடித்தால் பீறிட்டு அடித்து நின்றுவிடும். காற்று அப்படியில்லை. அமுங்கிய காற்று வில் போல விசையைச் சேர்த்து வைத்திருக்கும். வெடித்தால் பைப் கத்தி போன்ற சில்லுகளாகப் பறக்கும். பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அழுத்தம் தண்ணீருக்குச் சொன்னது, காற்றுக்கு இல்லை.

கேஸ் சிலிண்டர், வண்டி பிரேக், தூக்கும் ஜாக்கி ஆகியவற்றுக்கும் வீட்டு வாஷர் போடாதீர்கள். ஆக்ஸிஜன் குழாய்ப் பக்கம் எண்ணெய் தோய்ந்த தோலைக் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடிக்கும்.

மருந்து அடிக்கிற பம்புக்கு?

பித்தளை பம்பாக இருந்து, பழைய தோல் வாஷர் தேய்ந்திருந்தால் செய்து போடலாம். பழைய வாஷரைக் கழற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வருடக்கணக்கான மருந்து ஊறியிருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும் அடிப்பவர்களுக்குத் தோல் நன்றாக வருகிறது. கடும் மருந்து அடிப்பவர்கள் பம்புக்கு உரிய வாஷரையே வாங்கிப் போடுவது நல்லது. அந்தப் பம்புக்கு ஒருமுறை போட்ட வாஷரையோ அச்சையோ தண்ணீர் பம்புக்கு எடுக்கக் கூடாது.

ஒரு வாஷர் எவ்வளவு நாள் வரும்?

என் தொட்டிப் பம்பில் இப்போது ஓடுவது மூன்றாவது. முதலாவது மணலில் போனது, இரண்டாவது தண்டு சாய்ந்து தேய்ந்தது. மூன்றாவதைப் போட்டு இரண்டு கோடை தாண்டிவிட்டது, தினம் இருபது குடம் இறைக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, நிழலில் காய வைத்து, மறுபடி மெழுகு காட்டி மாட்டுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வாஷர் செய்து ஒன்றை மரவில்லையோடே டப்பாவில் போட்டு வையுங்கள். வில்லையை எடுத்துவிட்டால் அது மெல்ல மெல்ல வடிவம் மாறிவிடும்.